ஆக்கமுறை ஏஐ – மானுடப் புல ஹேக்கத்தான்: இராமநாதபுரம் கடற்கரை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவையும் மானுடப் புலத் துறைகளையும் இணைக்கும் ஹேக்கத்தான்களைப் பல்கலைக்கழகங்கள் நடத்தத் தொடங்கியுள்ளன. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களின் மாணவர்கள் அவற்றுக்குத் தயாராகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன், தமிழாசிரியன். ஆகவே நிரல் பற்றிய பதில்கள் சுருக்கமாகவும் சொல்லைப் பற்றிய பதில்கள் நீளமாகவும் இருப்பதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹேக்கத்தான் என்பது என்ன? அதில் மானுடப் புலத்துக்கு என்ன வேலை?

சில பேர் கொண்ட குழு, பெரும்பாலும் 24 அல்லது 36 மணி நேரத்துக்குள், ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்கு இயங்கக்கூடிய ஒரு முன்மாதிரியைச் செய்து நடுவர்களிடம் காட்டும் போட்டியே ஹேக்கத்தான். 'ஆக்கமுறை' என்பது, பெருமளவு எழுத்தையோ ஒலியையோ படத்தையோ பயின்று, அடுத்து வரத்தக்கது எது என்று கணித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கும் மாதிரிகளைக் குறிக்கும். 2017இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பு இதற்கு அடித்தளம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பொதுமக்களும் இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். மானுடப் புலம் என்று இங்கே சொல்வது தமிழ், வரலாறு, மொழியியல், தொல்லியல், நாட்டார் வழக்காறு, தத்துவம் போன்றவற்றை. இத்துறைகளின் மூலப்பொருள் எழுத்தும் பேச்சும். மாதிரிகள் விழுங்கி வெளியே தருவதும் அவற்றைத்தான். எனவே தந்தது சரியா என்று சொல்லத் தகுதியுள்ளவர் இத்துறைகளில் இருப்பவரே.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். நிரல் எழுதத் தெரியாது. வரலாமா?

வரலாம் என்பதைவிட, வர வேண்டும் என்பேன். கணினி மாணவர்கள் மட்டுமே அமைந்த குழுக்கள் இரண்டாம் நாள் காலையில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செயலி ஓடும், திரை அழகாக இருக்கும், ஆனால் அது சொல்லும் விடை சரியா தவறா என்று அக்குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அகராதியையும் உரையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். உங்கள் பங்கு கேள்விகளை வகுப்பது, மூலத்தைத் திருத்துவது, விடைகளைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும். இவற்றுக்குப் பைத்தான் போன்ற நிரல்மொழி தேவையில்லை. ஒரு விரிதாளில் வரிசையாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

நிரல் எழுதுபவர் இருவர், மூலத்தை அறிந்தவர் ஒருவர், பேசிக் காட்டத் தெரிந்தவர் ஒருவர். நால்வரில் ஒருவராவது எடுத்துக்கொண்ட பொருளோடு பிறந்து வளர்ந்தவராக இருந்தால் நல்லது. கடலைப் பற்றிச் செய்துவிட்டுக் கடலுக்குப் போகும் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லாமல் வரும் குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலான குழுக்கள் தோற்பது தலைப்பில்தான். "தமிழ் இலக்கியம் முழுவதற்கும் ஒரு சாட்பாட்", "தமிழ்ப் பண்பாட்டைக் காக்கும் ஏஐ" என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். 36 மணி நேரத்தில் அவற்றில் எதையும் செய்து முடிக்க இயலாது. செய்ததாகக் காட்டினாலும் சரிபார்க்க இயலாது. தலைப்பு ஒரு கைக்குள் அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பாம்பன் தீவில் பாசி எடுக்கும் பெண்கள் பாசிகளுக்கும் கடலின் நிலைக்கும் வழங்கும் சொற்களின் ஒலி அகராதி. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி முதியவர்கள் சொல்பவற்றைப் பழைய அச்சுச் செய்திகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் தளம். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் கிடைத்த பொருட்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அகழாய்வு அறிக்கையின் பக்கத்தைச் சுட்டும் கருவி. இவை சிறியவை. சிறியவை என்பதால்தான் முடியக்கூடியவை.

இவற்றில் புயலைப் பற்றியதை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்று இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் அப்படியே. மாதிரியிடம் கேட்டால் அது ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து உறுதியான குரலில் சொல்லிவிடும். வரலாறு படித்தவரோ, எந்த எண்ணை யார் எப்போது சொன்னார் என்று கேட்பார். ஒரே எண்ணைத் தர மறுத்து, மாறுபடும் எண்களை எல்லாம் அவை வந்த இடங்களோடு காட்டும் கருவி எளிதாகத் தோன்றும். மானுடப் புலம் இந்தப் போட்டிக்குக் கொடுக்கக்கூடிய உண்மையான பங்களிப்பு அதுவே என்பது என் எண்ணம்.

நம் கடற்கரைச் சொற்கள் இந்த மாதிரிகளுக்குத் தெரியுமா?

அரைகுறையாகத் தெரியும். முற்றிலும் தெரியாமல் இருப்பதைவிட இது ஆபத்தானது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு பெண்மணியிடம் எங்கள் மாணவர் பதிவு செய்தபோது, "மரிக்கொழுந்து இப்ப முன்ன மாதிரி இல்ல தம்பி, கல்லுல ஒட்டுனதும் புடுங்கிர்றாக" என்றார். பதிவை எழுத்தாக்கிச் சுருக்கித் தரச் சொன்னோம். நறுமணச் செடி சாகுபடி குறைந்துவருவதைப் பற்றி ஓர் அழகிய பத்தி வந்தது. மதுரையில் மரிக்கொழுந்து பூச்சரத்தில் கட்டும் வாசனைத் தழை. இங்கே அது பாறையில் வளரும் ஒரு சிவப்புப் பாசி, அகர் எடுப்பதற்காகச் சேகரிக்கப்படுவது. கட்டக்கோரை என்றால் வயல் கோரை என்று நினைக்கும். இங்கே அதுவும் பாசிதான்.

'பாடு' என்ற சொல்லையும் சோதித்துப் பாருங்கள். "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கரையில் கேட்டால் மீன் எவ்வளவு கிடைத்தது என்று பொருள். மாதிரி அதைத் துன்பம் என்றோ பாட்டு என்றோ எடுத்துக்கொள்ளும். பாம்பன் தீவுக்கு வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது இராமேசுவரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தி. மாதிரியிடம் கேட்டால் அது ஒரு புராணக் கதையைக் கட்டிச் சொல்ல வாய்ப்புண்டு. ஆவுளியா, ஓங்கல், கச்சான், சோழகம், வத்தை, கரைவலை என்று ஐம்பது சொற்களை எழுதிக்கொண்டு, மாதிரி சொல்லும் பொருளையும் கரையில் சொல்லும் பொருளையும் இரண்டு பத்திகளில் வைத்தாலே, போட்டிக்கு முன் உங்களிடம் ஒரு நல்ல தரவு இருக்கும்.

மூலங்களை எங்கே தேடலாம்?

பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், தமிழ் விக்கிமூலமும் உள்ளன. ஈழத்து வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது. எதிர்க்கரையின் மீன்பிடிச் சொற்களை ஒப்பிட அது பயன்படும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அச்சில் மட்டும் உள்ள பழைய இதழ்களுக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். மீன், பாசிப் பெயர்களைச் சரிபார்க்க, 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் உதவும்; உள்ளூர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்துத் தருபவை அவற்றில் உண்டு.

காப்புரிமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளைத் தயக்கமின்றி எடுத்தாளலாம். சங்க நூலுக்கு உரிமை கிடையாது என்றாலும், அதற்குச் சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு.

கீழக்கரையில் எங்கள் வீட்டில் அரபுத்தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

இது அரிய வாய்ப்பு. தமிழை அரபு எழுத்தில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் குறிகளைச் சேர்த்து எழுதிய மரபு அது. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நூல்கள் இயற்றியவர். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் பொதுவான எழுத்துணரிகள் இப்பக்கங்களை அரபி என்று எண்ணிப் படித்துக் குழப்பும். ஆகவே படத்திலிருந்து நேரே தமிழுக்கு மாற்றும் கருவியைச் செய்ய முயலாதீர்கள். பத்துப் பக்கங்களை எடுத்து, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை வரிவரியாகப் படிக்கச் சொல்லித் தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பக்கங்களே உங்கள் போட்டிப் பொருள். சுவடியை நகலெடுக்கும் கடையில் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில், மின்னொளி போடாமல் படமெடுங்கள்.

பழைய அச்சு நூல்களை வருடி எழுத்தாக்கும்போது ஏன் இவ்வளவு பிழை வருகிறது?

காரணங்கள் சில உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். தும்பிக்கை போட்ட அந்த 'லை'யை இன்றைய எழுத்துணரி சில நேரம் வேறு எழுத்தாகப் படிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கணினியில் தட்டச்சான கோப்புகளிலோ, இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்கள் இருக்கும். அவற்றை முதலில் மாற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை வேறொன்று உண்டு. 'கொண்டல்' என்ற சொல்லின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் இடலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். எல்லாக் கோப்புகளையும் முதலிலேயே என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தலுக்கு உட்படுத்தினால் இது தீரும். ஆனால் 'பௌர்ணமி' என்பதை ஒற்றைக் கொம்பும் 'ள'கரமும் சேர்த்துத் தட்டச்சு செய்தவர்களின் பிழை அதனாலும் தீராது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே பாசி எடுக்கும் நாட்கள் அமைவதால், எங்கள் கோப்பில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அதில் பாதி தேடலில் சிக்கவே இல்லை என்பதைப் போட்டிக்கு முந்தின இரவில்தான் கண்டுபிடித்தோம்.

கடற்கரையில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?

கரையில் செய்யாதீர்கள் என்பதே முதல் அறிவுரை. காற்று ஒலிவாங்கியில் மோதும் இரைச்சல் பேச்சை மூடிவிடும். எழுத்தாக்கும் மாதிரிகள் இரைச்சலிலும் அமைதியிலும் சும்மா இருப்பதில்லை. யாரும் பேசாத இடத்தில்கூடச் சொற்களை இட்டு நிரப்பும் பழக்கம் விஸ்பர் போன்ற மாதிரிகளுக்கு உண்டு. வலைக் கொட்டகையின் உள்பக்கமோ வீட்டுத் திண்ணையோ போதும். வேறு வழியில்லையென்றால் கைப்பேசியின் ஒலிவாங்கிப் பக்கத்தில் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, பேசுபவரின் நெஞ்சருகே, காற்றுக்கு முதுகு காட்டிப் பிடிக்க வேண்டும்.

நாளையும் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் இருக்கும். வலை பின்னிக்கொண்டே பேச ஆட்களுக்கு நேரமிருக்கும். மற்ற காலங்களில் படகு வந்து மீன் இறங்கும் வேளையில் போய்க் கைப்பேசியை நீட்டினால் ஏச்சுத்தான் கிடைக்கும், அது நியாயமும்கூட.

எழுத்தாக்கும்போது பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள். 'போயிருச்சு' என்றால் 'போயிருச்சு' என்றே இருக்கட்டும். எழுத்து வழக்கை வேண்டுமானால் அடுத்த பத்தியில் கொடுங்கள். மாதிரியின் துல்லியத்தை அளக்கும்போது சொற்பிழை விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். 'போய்விட்டது' என்பதை 'போய் விட்டது' என்று பிரித்து எழுதினாலே அது பிழையாகக் கணக்கிடப்படும். தமிழுக்கு, எத்தனை எழுத்து தவறியது என்று எண்ணும் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துத் தருவதே நேர்மை.

பேசுபவர்களிடம் அனுமதிக் கையொப்பம் கட்டாயமா?

கையொப்பத்தைவிட, அவர் புரிந்துகொண்டு சம்மதிப்பது முக்கியம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான, கட்டாயமற்ற ஒப்புதலையே வலியுறுத்துகிறது. எதற்காகப் பதிகிறோம், எங்கே வைப்போம், யார் கேட்பார்கள், பிறகு வேண்டாமென்றால் எப்படிச் சொல்வது ஆகிய நான்கையும் பேச்சுத் தமிழில் சொல்லி, அவர் 'சரி' என்று சொல்வதையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரைக்கென்று தனியான சில கவனங்கள் உண்டு. கடல் அட்டை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதைப் பிடிப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே பாசி எடுக்கப் போவது வனத்துறையோடு நெடுநாள் வழக்காக இருந்துவருகிறது. எல்லை தாண்டியதையும் கைதானதையும் பற்றிச் சிலர் மனம் திறந்து பேசிவிடுவார்கள். சொற்களைச் சேகரிக்கப் போன இடத்தில், ஒருவரைச் சிக்கலில் மாட்டக்கூடிய வாக்குமூலத்தைச் சேகரித்துவிட்டு வருவது நடக்கக்கூடியதே. அத்தகைய பகுதியை நிறுத்தி, அழித்துவிட்டு, அழித்ததை அவரிடமே காட்டுங்கள். மீன் கிடைக்கும் இடங்களின் அடையாளங்களும் அப்படித்தான். அவை ஒரு குடும்பத்தின் சொத்து. இலவச சாட்பாட்டில் பதிவேற்றும் கோப்பு அந்நிறுவனத்தின் பயிற்சிக்குப் போகக்கூடும் என்பதால், அமைப்புகளில் அதைத் தடுத்துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். குரல் பதிவுகளுக்கு உங்கள் கணினியிலேயே இயங்கும் மாதிரி இன்னும் நல்லது.

மாதிரியை நாங்களே பயிற்றுவிக்க வேண்டுமா?

வேண்டாம். 36 மணி நேரத்தில் அதற்கு நேரமும் இல்லை, உங்களிடம் உள்ள சில நூறு வரிகள் அதற்குப் போதவும் போதாது. ராக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறையே பொருத்தமானது. கேள்வி வந்ததும் உங்கள் மூலங்களிலிருந்து தொடர்புள்ள பகுதிகளைத் தேடி எடுத்து, அவற்றை மட்டும் வைத்து விடை சொல்லுமாறு மாதிரியைப் பணிக்க வேண்டும். மூலத்தை ஐந்நூறு எழுத்துக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். பாடலானால் பாடல் வாரியாக, நேர்காணலானால் ஒரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து ஒரு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் யார் சொன்னது, எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்று விவரங்கள் ஒட்டியிருக்கட்டும்.

தமிழில் கேட்டால் இலவச அளவு ஏன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது?

மாதிரிகள் எழுத்தைப் பார்ப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளைப் பார்க்கின்றன. 'வாடைக்காற்று' நமக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் அது 12 குறியீடு. வழக்கமான யுடிஎஃப்-8 சேமிப்பில் 36 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆங்கிலத்தை அதிகம் பார்த்து உருவான துண்டாக்கிகள் தமிழ்ச் சொல்லைப் பொடிப்பொடியாக நறுக்குவதால் எண்ணிக்கை ஏறுகிறது. மாதிரிக்கு மாதிரி இது பெரிதும் வேறுபடும் என்பதால், உங்கள் மூலத்தில் ஒரு பக்கத்தை எடுத்து இரண்டு மூன்று மாதிரிகளில் எண்ணிப் பார்த்த பிறகு தேர்ந்தெடுங்கள்.

மாதிரி கட்டிச் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கான வேலை போட்டிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மாதிரியைத் தொடுவதற்கு முன், ஐம்பது கேள்விகளையும் அவற்றின் விடைகளையும் கையால் எழுதுங்கள். விடையை முதலில் மாதிரியிடம் பார்த்துவிட்டால் உங்கள் கண் அதற்குப் பழகிவிடும். பிறகு தவறும் சரியாகவே தெரியும். இருவர் தனித்தனியே விடை எழுதி ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இருவரும் மாறுபட்ட இடங்களை அழித்துவிடாமல் தனியே குறித்து வையுங்கள். நடுவர்கள் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் அந்த இடங்களைத்தான்.

ஐம்பதில் பத்துக் கேள்விகளுக்கு உங்கள் மூலத்தில் விடையே இருக்கக் கூடாது. அவற்றுக்கு 'இந்த மூலங்களில் விடை இல்லை' என்று சொன்னால் மட்டுமே மதிப்பெண். சில கேள்விகள் காலத்தைச் சோதிப்பவையாக இருக்கட்டும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பற்றி மாதிரிகள் நிறையப் படித்திருக்கின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது சில மாதிரிகளின் பயிற்சிக்குப் பிந்திய செய்தி. "இன்று ரயில் எந்தப் பாலத்தில் போகிறது?" என்ற கேள்வி அவற்றை எளிதில் மாட்டிவிடும்.

இலக்கிய மேற்கோளை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். தனுஷ்கோடி சங்கப் பாடலில் வருகிறதா என்று ஒரு குழு கேட்டது. அகநானூறு 70 என்று மாதிரி சரியாகவே சொன்னது. பாண்டியரின் தொன்மையான கோடியில், ஆலமரத்துப் பறவைகளின் ஒலியை இராமன் அடக்கியதாக அப்பாடலில் ஓர் உவமை உண்டு. ஆனால் பாடலடிகள் என்று மாதிரி எழுதித் தந்த ஆறு வரிகளும் அதன் சொந்தச் சரக்கு. சங்க நடை போலவே ஒலித்தன, அசை பிரித்தால் ஆசிரியப்பாவுக்கு அடங்கவில்லை. அந்தக் குழுவின் தமிழ் மாணவி புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, சீர் தட்டுகிறதே என்று சொல்லிவிட்டாள். கருவி அடிகளை ஒருபோதும் தானே எழுதக் கூடாது, மூலத்திலிருந்து வெட்டி ஒட்ட மட்டுமே வேண்டும் என்று அன்று மாலை விதியை மாற்றினோம்.

நிரலையே ஏஐயிடம் எழுதச் சொல்லலாமா?

போட்டி விதிகள் அனுமதித்தால் எழுதச் சொல்லலாம். எந்தப் பகுதியை அது எழுதியது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நடுவர் ஒரு வரியைச் சுட்டி விளக்கம் கேட்டால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவர்கள் முன் எதைக் காட்டுவது?

கொடுக்கப்படும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை ஒரே ஒரு கேள்வியின் பயணத்துக்குச் செலவிடுங்கள். அந்தப் பெண்மணியின் குரலில் 'மரிக்கொழுந்து' ஒலிக்கட்டும். வழக்கமான மாதிரி அதை வாசனைச் செடி என்று விளக்குவது திரையில் வரட்டும். பிறகு உங்கள் கருவி பாசி என்று சொல்லி, சொன்னவரின் ஊரையும் பதிவின் நிமிடத்தையும் காட்டட்டும். அடுத்து, உங்கள் கருவி தவறிய ஓர் இடத்தை நீங்களே காட்டுங்கள். ஐம்பதில் எத்தனை சரி என்ற கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள். கட்டமைப்பு வரைபடத்துக்கு அரை நிமிடம் தாராளம்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

எல்லா மூலங்களும் மாதிரிக் கோப்புகளும் அடங்கிய பென்டிரைவ் இரண்டு, நீட்டிப்புப் பலகை, இரு வேறு நிறுவனங்களின் சிம் போட்ட கைப்பேசிகள், காதில் மாட்டும் ஒலிப்பான். இணையம் படுத்துவிட்டால் காட்டுவதற்காகக் கருவி இயங்குவதைக் காணொளியாக முன்பே பதிந்து வையுங்கள். இரவில் நான்கு மணி நேரமாவது தூங்குங்கள். தூங்காத குழு பேசும்போது தெரிந்துவிடும்.

போட்டி முடிந்த பிறகு பதிவுகளை என்ன செய்வது?

பெரும்பாலான குழுக்கள் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோப்புகளை யாரோ ஒருவரின் மடிக்கணினியில் விட்டுவிடுகின்றன. ஆறு மாதத்தில் அது பழுதாகும், அல்லது விற்கப்படும். ஒரு படியைப் பேசியவரிடமே மெமரி கார்டில் போட்டுக் கொடுங்கள். அவர் கைப்பேசியில் அது ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். இன்னொரு படி, அனுமதி விவரத்தோடு, கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். இணையத்தில் உள்ள மேகக் கணக்குகளில் தற்காலிகமாக ஏற்றியவற்றை அழித்துவிடுங்கள்.

கொடுக்கப் போகும்போது, பெயரைப் போடலாமா என்று மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். முதல் நாள் வேண்டாம் என்றவர், தம் குரலைக் கேட்ட பிறகு, ஊரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னது உண்டு. போடச் சொன்னவர், வீட்டில் பேசிவிட்டு வேண்டாம் என்றதும் உண்டு. இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி, கோப்பின் பெயரில் ஆளின் பெயரை இடாமல் எண்ணை மட்டும் இட்டு, எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியலைத் தனித்தாளில் வைத்திருங்கள்.